ஜப்பானின் மிக்ஸியும் நமது அரட்டையும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் தேசமெங்கும் ஒரு தமிழ்ச் சொல் அடிபட்டது. ‘அரட்டை’ என்னும் சுதேசிச் செய்திச் செயலியை ஜனங்கள் கைக்கொள்ள வேண்டுமென்று கல்வி மந்திரி ஸ்ரீ தர்மேந்திர பிரதான் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். அதற்குச் சில தினங்கள் முன்பாகவே ரயில்வே மந்திரி ஸ்ரீ அசுவினி வைஷ்ணவ், தமது தஸ்தாவேஜு வேலைகளை ஜோஹோ கம்பெனியின் சாதனங்களுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்திருந்தார். அமெரிக்க சர்க்கார் நமது சரக்குகளின் மீது நூற்றுக்கு ஐம்பது வீதம் வரி விதித்து ஒரு மாதமே ஆகியிருந்த சமயம் அது. ரோஷம் கொண்டிருந்த ஜனங்களுக்கு இவ்வார்த்தை போதுமானதாயிற்று. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாட்களில் அத்தொகை 3,50,000 ஆயிற்றென்று ஜோஹோவின் ஸ்தாபகர் ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். சில வாரங்கள் சென்றன, வேகமும் தணிந்தது. சேர்ந்தவர்களில் அநேகர், வந்த வழியே பழைய இடத்திற்குத் திரும்பிப் பேசத் தலைப்பட்டனர்.

சுதேசி என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழும் கூட்டத்தில் நாமும் சேர்ந்தவர்களே. எனினும் மகிழ்ச்சி வேறு, விசாரணை வேறு. வந்த ஜனங்கள் ஏன் தங்கவில்லை? தங்கச் செய்வதற்கு மந்திரிகளின் வாய்மொழி போதுமா? இவ்விஷயத்தில் நமக்கு முன்னரே இருபது வருஷ அனுபவம் பெற்ற தேசம் ஒன்று ஆசியாவிலேயே இருக்கிறது. ஜப்பானியர் சொந்தமாக ஒரு சமூக வலைத்தளம் கட்டினார்கள். அதைக் கோடிக்கணக்கில் நிரப்பினார்கள். பின்னர் கைவிட்டும் விட்டார்கள். அச்சரித்திரத்தை நமது தேசபக்தர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

அந்த ஜப்பானிய ஸ்தாபனத்தின் பெயர் மிக்ஸி. நமது அடுக்களையில் சட்னி அரைக்கும் யந்திரத்திற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. டோக்கியோ சர்வகலாசாலையில் மாணவராயிருந்தபோதே வேலை தேடுவோருக்கான ஓர் இணைய சேவையைத் தொடங்கிய ஸ்ரீ கசஹாரா கெஞ்ஜி என்பவர், 2004-ஆம் ஆண்டில் இதை ஆரம்பித்தார். பேஸ்புக்கும் ஆர்க்குட்டும் பிறந்ததும் அவ்வாண்டிலேதான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஆகவே, ஜப்பானியர் பிறரைப் பார்த்துக் காலந்தாழ்த்திக் காப்பியடித்தார்கள் என்று எவரும் கூற முடியாது. 2006 செப்டம்பரில் கம்பெனியின் பங்குகள் டோக்கியோ பங்குச் சந்தைக்கு வந்தன. 2010-ஆம் ஆண்டில் அங்கத்தினர் தொகை இரண்டு கோடியைத் தாண்டிற்று.

மிக்ஸியின் அமைப்பு ஜப்பானியரின் சுபாவத்தை ஒட்டியது. ஏற்கெனவே அங்கத்தினராயுள்ள ஒருவர் அழைத்தாலன்றி மற்றொருவர் உள்ளே நுழைய இயலாது. இந்த விதி 2010 வரையில் நீடித்தது. சொந்தப் பெயரை வெளியிட வேண்டிய கட்டாயமில்லை. புனைபெயரில் தினக்குறிப்பு எழுதிவிட்டு நண்பர்களின் மறுமொழிக்குக் காத்திருக்கலாம். ‘அடிச்சுவடு’ என்றோர் ஏற்பாடும் இருந்தது. நமது பக்கத்தை யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும். வீட்டு வாசலில் போட்ட கோலத்தின் மேல் பதிந்த காலடிகளை எண்ணிப் பார்ப்பது போன்ற காரியம் இது! முதலில் இன்பமாயிருந்தது, நாளடைவில் பாரமாயிற்று. படித்துவிட்டு மறுமொழி எழுதாமற் போவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் பரவவே, ஜனங்கள் களைத்துப் போனார்கள். ‘மிக்ஸிச் சலிப்பு’ என்று அதற்கு ஜப்பானிய பாஷையில் ஒரு பெயரே உண்டாகிவிட்டது. 2011-இல் கம்பெனியார் அடிச்சுவடு ஏற்பாட்டை மாற்றியபோதோ, வேண்டாமென்றவர்களே திரண்டு ஆக்ஷேபித்தார்கள். ஜனங்களின் மனப்போக்கு அத்தகையது.

ஆயினும் மிக்ஸியை வீழ்த்தியது இச்சலிப்பு மட்டுமன்று. ஜப்பானில் வழங்கிய பழைய மாதிரிக் கைப்பேசிகளுக்கென்றே அது பெரும்பாலும் வளர்ந்திருந்தது. 2008-இல் அங்கே ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ட்விட்டரும் பேஸ்புக்கும் ஜப்பானிய பாஷையில் பேசத் தொடங்கின. தரை மாறியது, வீட்டுக்காரர் மாறவில்லை. 2011 மார்ச் மாதம் 11-ஆம் தேதி வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் கடற்பெருக்கும் சூறையாடின. தொலைபேசிக் கம்பிகள் உதவாத அந்நாட்களில் பந்துக்களின் க்ஷேமத்தை விசாரிக்க ஜனங்கள் இணையத்தையே நம்பினார்கள். அந்த அனுபவத்திலிருந்து நான்கு மாதத்திற்குள், ஜூன் மாதத்தில், ‘லைன்’ என்னும் செய்திச் செயலி பிறந்தது. அழைப்பும் வேண்டாம், தினக்குறிப்பும் வேண்டாம். பேசினால் போதும் என்பதே அதன் தத்துவம். இன்று ஏறக்குறையப் பன்னிரண்டு கோடி ஜனத்தொகையுள்ள ஜப்பானில் ஒன்பது கோடிக்கு மேற்பட்டோர் அதை உபயோகிக்கின்றனர்.

மிக்ஸி கம்பெனி மாத்திரம் மடியவில்லை. 2013 அக்டோபரில் ‘மான்ஸ்டர் ஸ்டிரைக்’ என்ற கைப்பேசி விளையாட்டை வெளியிட்டுப் பெரும் பொருள் ஈட்டிற்று. குழந்தைகளின் படங்களைக் குடும்பத்தார் பகிர்ந்துகொள்ளும் செயலியொன்றையும் 2015 முதல் நடத்துகிறது. டோக்கியோவின் பிரபல கால்பந்துக் கழகம் ஒன்று 2022 முதல் அதன் கையில் இருக்கிறது. 2024 டிசம்பரில் ‘மிக்ஸி 2’ என்று, மறுபடியும் அழைப்பின் பேரில் நுழையும் ஒரு தளத்தையும் தொடங்கினார்கள். கம்பெனி பிழைத்தது என்பது வாஸ்தவம். ஆனால் ஒரு தேசத்தார் பேசிக்கொள்ளும் மண்டபமாயிருந்தது, விளையாட்டுக் கொட்டகையானதைப் பிழைப்பு என்று எத்தனை பேர் ஒப்புவார்கள்?

இந்த விளையாட்டு வியாபாரத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. மிக்ஸியின் போட்டியாளரான ‘கிரீ’ முதலிய ஜப்பானியக் கம்பெனிகள் சமூக வலைத்தளம் என்ற பெயரில் விளையாட்டுச் சீட்டுகளை விற்றுக் கொழுத்தன. குருட்டு அதிர்ஷ்டத்தில் கிடைக்கும் பொம்மைச் சீட்டுகளில் ஒரு வரிசை பூர்த்தியானால் அரிய பரிசு என்று ஆசை காட்டி, பள்ளிப் பிள்ளைகளின் பணத்தைக் கறந்த முறை சட்டவிரோதமென்று 2012 மே மாதத்தில் அத்தேசத்து நுகர்வோர் இலாகா அறிவித்தது. உடனே அக்கம்பெனிகளின் பங்கு விலை சரிந்தது. ஆன்லைன் ரம்மியில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகளை வாசித்த நமது மாகாணத்தாருக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இவ்விஷயமாகத் தமிழ்நாடு சட்டசபை இயற்றிய சட்டமும், அதன் மேல் சென்னை ஹைக்கோர்ட்டில் நடந்த வழக்குகளும் தனியே எழுதத் தக்கவை.

இனி நமது தேசத்திற்கு வருவோம். 2012 டிசம்பரில் ‘ஹைக்’ என்ற செய்திச் செயலி தோன்றிற்று. பாரதி குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ கவின் பாரதி மிட்டல் இதன் ஸ்தாபகர். ஜப்பானின் ஸாப்ட்பேங்க் மூலதனமும் ஆரம்ப முதலே இதிற் கலந்திருந்தது. 2016-இல் பத்துக் கோடிப் பேர் பதிவு செய்துகொண்டதாகப் பெருமை பேசிய இந்தச் செயலி, 2021 ஜனவரியில் மூடப்பட்டது. பின்னர் மிக்ஸியைப் போலவே விளையாட்டில் இறங்கிற்று. 2025-இல் பணம் வைத்தாடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய சர்க்கார் சட்டத்தால் தடுத்தபோது அதுவும் முடிந்தது. ட்விட்டருக்குப் போட்டியாக 2020-இல் தோன்றிய ‘கூ’, இந்திய பாஷைகளில் பேசுவோருக்கு இடமளித்தது; மந்திரிகளும் இலாகாக்களும் அதில் வந்து குடியேறினார்கள். 2024 ஜூலையில் அதன் கதவும் சாத்தப்பட்டது. ஜப்பானிய லைன் 2013-இல் சினிமா நட்சத்திரமான ஸ்ரீமதி கத்ரீனா கைபைக் கொண்டு தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து நமது சந்தையில் நுழையப் பார்த்ததையும் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் இங்கே வேரூன்றவில்லை. ஜப்பானில் வென்றது இந்தியாவில் தோற்றதற்குக் காரணம் தரக்குறைவு அன்று; வாட்ஸ்அப் முன்னரே வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவே.

ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் கப்பல் கம்பெனியை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1906-இல் தூத்துக்குடியில் அவர் சுதேசிக் கப்பலுக்குப் பங்கு சேர்த்தபோது, வெள்ளைக்காரக் கம்பெனியார் கட்டணத்தை வரவரக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தார்கள். மேலும் ஒரு குடையும் கொடுத்தார்களென்று சொல்வதுண்டு. இலவசம் என்பது எவ்வளவு பழைய ஆயுதம்! ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரோஷமுள்ள ஒருவன் ஒருவனாகவே சுதேசிக் கப்பலில் ஏறினாலும் கொழும்பு போய்ச் சேருவான். சுதேசிச் செய்திச் செயலியில் ஒருவனாக ஏறுகிறவன் எங்கும் போய்ச் சேர மாட்டான். அவனோடு பேசவேண்டியவர்கள் அனைவரும் அதே சமயத்தில் ஏறினாலன்றி அவன் தேசபக்தி கரையிலேயே நிற்கும்.

இதைத் தெளிவாகக் காண நமது கே.ஜி.கண்டிகையைப் போன்ற ஓர் ஊரே போதும். திருத்தணி மலைக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வட்டாரத்தில், தாய் வீடு ஒரு ராஜ்யத்திலும் புகுந்த வீடு மற்றொரு ராஜ்யத்திலுமாகப் பல குடும்பங்கள் இருக்கின்றன. பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறி ஓடுகிறது. அந்தப் பக்கம் நகரியிலும் ஓடுகிறது. நூல் விலை, புடவை மாதிரி, பாக்கிக் கணக்கு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் உறவினரின் வண்டி புறப்பட்ட நேரம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடம் எல்லாம் அந்த ஒரே பச்சைச் செயலியில்தான் வருகின்றன. தறிக்காரர் ஒருவர் மந்திரியின் சொல்லைக் கேட்டு மாறிவிட்டாரென்று வைத்துக்கொள்வோம். நூல் வியாபாரி மாறவில்லை, வாத்தியார் மாறவில்லை, நகரியிலுள்ள மைத்துனர் மாறவில்லை. பின்னர் அவர் யாரோடு அரட்டையடிப்பது? அவர் பழைய இடத்திற்குத் திரும்பினாரென்றால் அதை அடிமைப் புத்தி என்று ஏசுவது அநியாயம்.

ஆகவே இங்கே வேலி எது என்பதைப் பார்க்க வேண்டும். வேலி சரக்கின் தரத்திலோ ஜனங்களின் மனத்திலோ இல்லை. ஒரு கம்பெனியின் வீட்டிலிருப்பவன் மற்றொரு கம்பெனியின் வீட்டிலிருப்பவனோடு பேச இயலாதபடி எழுப்பியிருக்கும் சுவரே வேலி. தபாலுக்கு இச்சுவர் கிடையாது. 1874-இல் பெர்ன் நகரில் கூடிய தேசங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, ஒரு ராஜ்யத்தில் பெட்டியில் போட்ட கடிதம் மற்றொரு ராஜ்யத்தில் விநியோகமாகிறது. தொலைபேசிக்கும் கிடையாது. 2016-இல் ஏற்பட்ட யூ.பி.ஐ. முறையில், ஒரு பாங்கியில் கணக்குள்ளவர் வேறு பாங்கியில் கணக்குள்ள தேநீர்க் கடைக்காரருக்குப் பத்து ரூபாய் அனுப்புகிறார். இருவரும் ஒரே செயலி வைத்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. பணத்திற்குச் சாத்தியமானது பேச்சுக்கு ஏன் சாத்தியமாகாது?

எல்லையோரத்தாருக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, ஸ்ரீ ம. பொ. சிவஞான கிராமணியார் முதலியோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாகத் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஐம்பது வருஷம் கழித்துக் கைப்பேசிகள் மறுபடியும் எல்லை வகுத்தன! எல்லைக் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே கைப்பேசி அடுத்த ராஜ்யத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் கட்டணம் ஏறும். கம்பெனியை மாற்றலாமென்றால் எண்ணை இழக்க வேண்டும். எண் மாறினால் வியாபாரம் போயிற்று. 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை தேசமெங்கும் வந்தது. 2015 ஜூலை முதல் ராஜ்யம் விட்டு ராஜ்யம் சென்றாலும் எண் நிலைத்தது. ஜனங்களின் தேசபக்தியை எழுப்பியா இதைச் சாதித்தார்கள்? இல்லை, கம்பெனிகளைச் சட்டத்தினாலும் ஒழுங்குமுறையினாலும் கட்டாயப்படுத்திச் சாதித்தார்கள்.

ஐரோப்பிய யூனியன் இதே வழியில் செல்லுகிறது. அதன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி, பெரிய செய்திச் செயலிகள், கேட்கும் சிறிய செயலிகளுக்குத் தங்கள் கதவைத் திறந்துவிடக் கடமைப்பட்டவை; 2024 மார்ச் முதல் இக்கடமைகள் அமலுக்கு வந்தன. நமது சர்க்காரோ அபராதத்தோடு நின்றிருக்கிறது. 2021-இல் வாட்ஸ்அப், ‘எமது புதிய நிபந்தனைகளை ஒப்புக்கொள், அல்லது விலகு’ என்று அறிவித்த விஷயத்தில், 2024 நவம்பரில் போட்டிக் கமிஷன் மெடா கம்பெனிக்கு 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டு டிரிபியூனல் அபராதத்தை உறுதிப்படுத்தி, விவரங்களை விளம்பரத்திற்காகப் பகிர்ந்துகொள்ள ஐந்து வருஷத்திற்கு விதித்திருந்த தடையை மட்டும் நீக்கிவிட்டது. 2014-இல் 1,900 கோடி டாலர் கொடுத்து வாட்ஸ்அப்பை வாங்கிய முதலாளிகளுக்கு இவ்வபராதம் எம்மாத்திரம்? ‘விலகு’ என்ற சொல்லுக்குப் பொருளிருக்க வேண்டுமானால் விலகிச் செல்ல ஓர் இடம் இருக்க வேண்டும். கே.ஜி.கண்டிகைத் தறிக்காரருக்கு அது இல்லை.

இனி, சுதேசிக் கம்பெனி என்றாலே பயமில்லை என்று எண்ணுவோருக்கும் ஜப்பான் ஒரு பாடம் வைத்திருக்கிறது. லைன் ஜப்பானில் பிறந்ததெனினும் அதைப் பெற்றது தென்கொரிய நேவர் கம்பெனியின் கிளை. 2021 மார்ச்சில், ஜப்பானியரின் சொந்த விவரங்களைச் சீனத்திலிருந்த சார்புக் கம்பெனியின் பொறியாளர்கள் பார்க்கக் கூடியதாயிருந்தது என்று பத்திரிகைகள் வெளியிடவே, சர்க்கார் இலாகாக்கள் அதன் உபயோகத்தை நிறுத்திவைத்தன. அம்மாதத்திலேயே லைனும், ஸாப்ட்பேங்கின் ஆதரவிலிருந்த யாஹூ ஜப்பானும் ஒன்றாயின. அவ்வளவு ஆகியும், 2023 நவம்பரில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட விவரங்கள் கசிந்தது வெளிப்பட்டது. நேவரின் யந்திரங்களோடு இருந்த தொடர்பே வழியாயிற்று. 2024 மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஜப்பானிய சர்க்கார் இருமுறை எச்சரித்து, நேவரோடுள்ள மூலதன சம்பந்தத்தையே மறுபரிசீலனை செய்யச் சொல்லிற்று. தென்கொரியாவில் கூச்சல் எழுந்தது; பங்குகள் உடனே கைமாறவில்லை. ஒன்பது கோடிப் பேர் பேசும் வாயிலைப் பூட்டவும் முடியாமல், திறந்துவிடவும் மனமில்லாமல் ஒரு சர்க்கார் தத்தளித்ததை உலகம் கண்டது. சாவி யாரிடம் என்ற கேள்வியைக் கோடிப் பேர் குடியேறிய பிறகு கேட்பதனால் வரும் சங்கடம் இது.

அரட்டையின் சாவி யாரிடம்? 2021-இல் வெளிவந்த இச்செயலியில், 2025 செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தபோது, அழைப்புகளுக்கு இருந்த பூட்டு செய்திகளுக்கு இருக்கவில்லை. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர, இடையிலுள்ள கம்பெனியும் படிக்க இயலாதபடி காக்கும் அந்த முறை வாட்ஸ்அப்பில் 2016 முதலே இருந்துவருகிறது. ஜோஹோவின் நாணயத்தில் நமக்கு ஐயமில்லை. தென்காசிக்குப் பக்கத்துக் கிராமத்தில் தொழில் நடத்தி, விளம்பர வியாபாரத்தை வெறுத்து ஒதுக்கிய கம்பெனி அது; தமிழர் பெருமை கொள்ளத் தக்கது. ஆனால் நாணயம் வாக்குறுதி, பூட்டு பந்தோபஸ்து. வக்கீல் தொழிலில் பழகியோர் இரண்டையும் ஒன்றென்று கொள்ள மாட்டார்கள்.

இதில் சர்க்காரின் பங்கும் சுத்தமானதன்று. 2021 பிப்ரவரியில் வெளியிட்ட விதிகளில், ஒரு செய்தியை முதன்முதல் அனுப்பியவன் யாரென்று கேட்டால் பெரிய செயலிகள் காட்டிக்கொடுக்க வேண்டுமென்று ஒரு ஷரத்து இருக்கிறது. அதை எதிர்த்து டில்லி ஹைக்கோர்ட்டுக்குச் சென்ற வாட்ஸ்அப், பூட்டை உடைக்கச் சொன்னால் இத்தேசத்தை விட்டே போய்விடுவதாக 2024 ஏப்ரலில் கூறிற்று. அந்நியக் கம்பெனிக்காவது போக ஓர் இடம் உண்டு. சுதேசிக் கம்பெனி எங்கே போகும்? அதன் காரியாலயமும் சிப்பந்திகளும் சொத்தும் இங்கே. அரட்டையைச் சிபாரிசு செய்யும் மந்திரிகள், அந்த ஷரத்தை அதன்மேல் பிரயோகிக்கமாட்டோமென்று ஜனங்களுக்கு உறுதி கூறுவார்களா? அந்தரங்கம் பிரஜைகளின் மூலாதார உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பு அந்நியக் கம்பெனியிடமிருந்து மட்டும் நம்மைக் காப்பதற்கு ஏற்பட்டதன்று.

வாட்ஸ்அப்பைத் தடுத்துவிட்டால் போதுமென்று 2020 ஜூனில் டிக்டாக் முதலிய 59 சீனச் செயலிகளைத் தடுத்ததை உதாரணம் காட்டுவோரும் உளர். அவ்விடத்தில் சுதேசிகள் தழைத்தார்களா என்றால், அமெரிக்கரின் இன்ஸ்டாகிராமும் யூடியூபுமே தழைத்தன. இதற்குமேல் அந்த யோசனையைப் பற்றி எழுதுவது அநாவசியம்.

செய்யக்கூடிய காரியம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தனிமனிதர் விவரங்களைக் காக்க 2019-இல் பார்லிமெண்டில் கொண்டுவந்த மசோதாவின் 19-ஆம் பிரிவு, ஒரு கம்பெனியிடம் உள்ள நமது விவரங்களை எடுத்துக்கொண்டு மற்றொரு கம்பெனிக்குச் செல்லும் உரிமையைக் கொடுத்திருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அப்பிரிவைக் காணோம். கைப்பேசி எண்ணுக்குக் கொடுத்த உரிமையைப் பேச்சுக்குக் கொடுக்க மறந்தார்களா, கொடுக்க மனமில்லையா என்பதை மந்திரிகளே சொல்ல வேண்டும். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வரப் பதினெட்டு மாதத் தவணை, அதாவது 2027 மே மாதம் வரையில், கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் விடுபட்ட 19-ஆம் பிரிவைத் திரும்பச் சேர்த்து, செயலிக்குச் செயலி செய்தி செல்லும் கடமையையும் அதனோடு இணைத்து ஒரு திருத்த மசோதா கொண்டுவரத் தடை ஏதுமில்லை. திருத்தணி சேர்ந்துள்ள அரக்கோணம் தொகுதியின் அங்கத்தினரும், எல்லைக்கு அப்பாலுள்ள சித்தூர் தொகுதியின் அங்கத்தினரும் கட்சி வேற்றுமை பாராமல் சேர்ந்து இக்கேள்வியைப் பார்லிமெண்டில் கிளப்பலாம். இரண்டு பக்கத்துத் தறிக்காரர்களும் ஒரே சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.